அம்மா வண்டியின் கதவு

சந்திரன் அண்ணன் எந்தக் கதவைச் சாத்தினாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். வீட்டுக் கதவு, ஐஸ்பெட்டிக் கதவு, செனாவாங்கில் அவர் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் இரும்பு கேட், எல்லாம் ஒன்றுதான். கடையில் குளிர்பானம் எடுத்தால் அந்தக் கண்ணாடிக் கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் நிற்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. "ஏண்ணே, உள்ள என்ன புலியா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். அவர் இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

அந்தப் பழக்கம் அவருக்கு மூன்று வருடமாகத்தான். அதற்கு முன் அவர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டம் ரெம்பாவ் பக்கம். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வரிசை வீடுகள் இடிந்து தரைவீடுகள் வந்து, இளசுகள் ஷிப்டு வேலைக்குப் போய்விட்ட பிறகும் கோயிலுக்கு மட்டும் ஆட்கள் குறையவில்லை. ராசா டவுனில் இருக்கும் ஒரு பக்தர் புது வேன் ஒன்றை வாங்கி, கோயில் பேரிலேயே பதிந்து கொடுத்தார். நாங்கள் அதை அம்மா வண்டி என்போம். சந்திரன் அண்ணன் சம்பளம் வாங்காமல் ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பக்கத்துத் தோட்டத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், எல்லோரையும் அவர்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவார்.

ஒரு பங்குனித் திருவிழாவுக்குப் போகும்போது ஆலை வளைவில் பக்கவாட்டுக் கதவு திறந்துகொண்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த முத்தாயி அக்கா ரோட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து நாலு கால் தடியோடு வீட்டுக்கு வந்தார். இன்றைக்கும் அந்தத் தடிதான்.

கதவைச் சாத்துவது டிரைவரின் வேலை. ஆகவே சந்திரன் சரியாகச் சாத்தவில்லை என்று தோட்டமே சொன்னது. யாரோ சொன்னார்கள் என்று நான் நழுவப் போவதில்லை. நானும்தான் சொன்னேன், கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் மறுத்திருந்தால் ஒரு சண்டையாவது நடந்திருக்கும். அவர் மறுக்கவில்லை. "பதினஞ்சு பேரு, பால்குடம், மேளம், ஒரே கூச்சல். சாத்தினேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றார். சாவியைக் கோயிலில் வைத்துவிட்டு வந்தவர்தான், அதற்குப் பிறகு வேன் பக்கமே போகவில்லை. வேன் ஓட்டும் லைசென்ஸ் முடிந்தபோது புதுப்பிக்கவும் இல்லை. முத்தாயி அக்கா வீடு எங்கள் வரிசையில் கடைசி வீடு. அந்த வாசலைத் தாண்டாமல் இருப்பதற்காகவே மோட்டார் சைக்கிளைச் சுற்றுப்பாதையில் விட்டு மூன்று வருடம் வேலைக்குப் போய் வந்தார். சாத்தினேனா, இல்லையா? மனிதர் அந்த ஒரு கேள்வியிலேயே வற்றிப்போனார். சட்டை மட்டும்தான் பழைய அளவில் இருந்தது.

கோயிலில் என்ன செய்தார்கள் என்றால், பூசணிக்காய் உடைத்தார்கள். பூசை செய்யும் பண்டாரம் கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துணியும் எலுமிச்சம்பழமும் கட்டினார். கதவின் பூட்டை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வேனை ஓட்ட ஆளும் கிடைக்கவில்லை, அது பெரும்பாலும் கோயில் கொட்டகையில்தான் நின்றது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். என் பெயர் திலகா. பதினான்கு வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்து, சோறும் சட்னியும் வைத்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகிறேன். இந்த வருடம் பதினொரு பிள்ளைகள். நான் போகாவிட்டால் அதில் பாதிப் பேர் பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் எங்கேயும் போக மாட்டார்கள். வருடக் கடைசி விடுமுறையில் என் பழைய வேனின் கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. ஒர்க் ஷாப்பில் வண்டி பழுது பார்க்கும் போமன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "விட்டுடுங்க அக்கா, இதுக்கு மேல அது பாவம்" என்றான். பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது.

அந்த வாரம்தான் கோயில் நிர்வாகத்தினர் அம்மா வண்டியை விற்பதாகச் சொன்னார்கள். குறைவாகத்தான் ஓடியிருக்கிறது, விலையும் என் கைக்கு எட்டுகிற விலை. ஆனால் பழைய வண்டி வாங்கி ஏமாந்தவள் நான். முதல் வேன் வெள்ளத்தில் முங்கி எழுந்த வண்டி என்பது வாங்கி நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இந்த முறை வண்டியைத் தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும். அம்மா வண்டியைத் தெரிந்தவர் ஒருவர்தான்.

சந்திரன் அண்ணன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கழற்றிய காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆளப் பாரும்மா" என்றார்.

"வேற யாருண்ணே இருக்கா? போமன் ஒரு தரம் பாப்பான், காசு வாங்குவான், போயிருவான். நீங்க எட்டு வருஷம் ஓட்டுன வண்டிலா."

"அத விட்டு மூணு வருஷம் ஆச்சி."

"பதினோரு பிள்ளைங்க ஏறப் போறாங்க அண்ணே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே அவர் முகம் போன போக்கில் எனக்கே என் வாயை அடைக்கத் தோன்றியது. ஆனால் அதுதான் வேலை செய்தது. காலணியை ஓரமாக வைத்துவிட்டு, களைத்த குரலில், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்ல ஆரம்பித்தார்.

"காலையில போ. இஞ்சின் சில்லுன்னு இருக்கணும். முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தாங்கன்னா ஏதோ மறைக்கிறாங்க. ஆயில் மூடியத் திறந்து பாரு, பால் ஆடை மாதிரி ஒட்டியிருந்தா தண்ணி கலந்திருக்கு, ஓடிவந்துரு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு. வெள்ளத்துல நின்ன வண்டின்னா அடியில சேறு இருக்கும், அத யாரும் கழுவ மாட்டாங்க. மீட்டர நம்பாத, பிரேக் மிதிக்கிற ரப்பர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாரு." நிறுத்தினார். "சரி, நானே வர்றேன். ஆனா ஓட்ட மாட்டேன். கதவத் தொட மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கோயிலுக்குப் போனோம். நிர்வாகத் தலைவர் ராமகிருஷ்ணன் ஐயா ராசாவிலிருந்து வந்திருந்தார். ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டம் அவரை விட்டு இருபது வருடம் ஆகியும் அவர் கிராணியாக இருப்பதை விடவில்லை. நான் டார்ச் லைட்டை எடுத்ததும் அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஏம்மா திலகா, இது அம்மா வண்டி. டார்ச் அடிச்சிப் பாக்குறதுக்கு இது என்ன திருட்டு வண்டியா? சாமி பேருல இருக்கிற பொருள சந்தேகப்பட்டா நல்லாவா இருக்கும்?"

"சாமிய சந்தேகப்படல ஐயா. கியர்பாக்ஸத்தான்."

"அதுக்கு இவனையா கூட்டிக்கிட்டு வருவ?" என்றார், சந்திரன் அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதே. அண்ணன் குனிந்து டயரைப் பார்த்தார்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. குளிர்ந்த இஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது, புகை இல்லை. ஆயில் மூடி சுத்தம். பெல்ட்டுகளை இழுத்தால் கடைசி வரை புதுத் துணிபோல் வந்தன. அண்ணன் தரைவிரிப்பைத் தூக்கி விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். அடியில் படுத்து எழுந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வண்டியை அவர் கை தொட்டபோது, பிணங்கிக்கொண்ட சொந்தக்காரர் வீட்டுக்குள் போனவர்போல் ஒவ்வொன்றையும் தயங்கித் தயங்கித் தொட்டார். பக்கவாட்டுக் கதவை நான்தான் திறந்து மூடினேன். பத்து தரம் மூடினேன். பத்து தரமும் டப்பென்று ஒழுங்காக விழுந்தது.

அந்த டப் சத்தம் கேட்கக் கேட்க அவர் தலை கீழே போனது. கதவு நன்றாக இருந்தால் தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு காரியம் மிச்சம் இருந்தது. பள்ளி வேன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: வண்டி வாங்கும் முன் சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ரீகால் இருந்தால் காட்டும் என்று. வண்டியைச் செய்த கம்பெனியே ஒரு கோளாற்றை ஒப்புக்கொண்டு, கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கூப்பிடுவதுதான் ரீகால். முன்சீட்டுக்கு அடியில் பொறித்திருந்த நம்பரைப் படம் எடுத்து, கோயில் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பதினேழு எழுத்து. கண்ணாடி போடாமல் இரண்டு தரம் தப்பாக அடித்தேன். மூன்றாவது தரம் சிவப்பில் ஒரு பெட்டி வந்தது.

முதலில் வாய்க்குள் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். "அண்ணே, ஒரு ரீகால் இருக்கு. பக்கவாட்டுக் கதவுப் பூட்டு. உள்ள இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்துபோகுமாம். கதவு மூடியிருந்தாலும் வண்டி ஓடும்போது திறக்கலாம்னு போட்டிருக்கு. இன்னும் மாத்தலையாம்."

அவர் டார்ச் லைட்டை அணைத்தார். "எப்ப போட்டது?"

தேதியைச் சொன்னேன். முத்தாயி அக்கா விழுந்ததற்கு ஒன்றரை வருடம் முந்திய தேதி.

"இன்னொரு தரம் படிம்மா." படித்தேன். "இன்னொரு தரம்" என்றார்.

தலைவர் எட்டி வந்து என் போனைப் பார்த்தார். "இன்டர்நெட்ல ஆயிரம் போடுவான். நெசமா இருந்தா கம்பெனி கடுதாசி போட்டிருக்கும்ல? நமக்கு ஒரு கடுதாசியும் வரல" என்றார்.

அப்போது பண்டாரம் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார். "கடுதாசியா? வந்திச்சே" என்றார் சாதாரணமாக.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் முதலில் அம்மன் காலடியில் வைத்து, குங்குமம் வைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். பண்டாரத்துக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், மலாயும் ஆங்கிலமும் வராது. கோயில் பேருக்கு வரும் எந்த உறையும் அம்மனுக்கு வந்தது என்பது அவர் கணக்கு. காலடியில் வைப்பார், சந்தனம் குங்குமம் வைப்பார், அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டுவிடுவார். கரண்டு பில், தண்ணி பில் எல்லாம் செயலாளர் போனிலேயே கட்டிவிடுவதால் ஒரு கடிதமும் காணோமென்று யாரும் தேடியதில்லை.

பெட்டியைத் திறந்தார். வருடக்கணக்கான உறைகள். நானும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். கம்பெனியின் முத்திரை போட்ட உறைகள் மூன்று கிடைத்தன. மூன்றும் ஒட்டியபடியே இருந்தன. மூன்றிலும் நடுவில் குங்குமம் காய்ந்து போயிருந்தது. முதல் உறையைக் கிழித்தேன். போனில் வந்த அதே விஷயம். உடனே அருகில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரவும் என்று தடித்த எழுத்தில் கேட்டிருந்தார்கள். கம்பெனிக்காரன் மூன்று தரம் கேட்டிருக்கிறான். நாங்கள் மூன்று தரமும் பொட்டு வைத்திருக்கிறோம்.

"அம்மா காலடியிலதான் வச்சேன். தப்பா எதுவும் செய்யலையே" என்றார் பண்டாரம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருகிற கோபமெல்லாம் தலைவர்மேல்தான் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியும். பெட்டி இருப்பதும் தெரியும். அவர் உறைகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"சரி விடு சந்திரா. நடந்தது நடந்துபோச்சி."

"உங்களுக்கு நடந்துபோச்சி ஐயா" என்றேன். "அவருக்கு மூணு வருஷமா நடந்துக்கிட்டேதான் இருக்கு." என் குரல் கோயிலுக்குள் அவ்வளவு உரக்கக் கேட்டது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. சொன்ன பிறகுதான், ரொட்டி வாங்கிக்கொண்டே நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அண்ணனிடம் அதைச் சொன்னேன். "நானும் உங்களத்தாண்ணே சொன்னேன் அப்ப."

"தெரியும்மா" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை, கதவைக் கயிற்றால் கட்டி, நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, வேனை சிரம்பானில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். காசு கேட்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பூட்டை மாற்றிவிட்டார்கள். கழற்றிய பூட்டை அங்கே வேலை செய்யும் மலாய்ப் பையன் கொண்டுவந்து காட்டினான். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஸ்பிரிங், ஒரு முனை சப்பையாக இருந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கி, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கதவைச் சரியாகச் சாத்தியிருந்தாலும் திறக்குமா? திறக்கும் பாக் சிக் என்றான் அவன், மாமா என்கிற மரியாதையோடு. மேடு பள்ளத்திலோ, வளைவில் ஆள் சாய்ந்தாலோ திறக்கும். பத்து தரம் ஒழுங்காக மூடும், பதினோராவது தரம் ஏமாற்றும்.

இதைக் கேட்டதும் அவர் கண் கலங்கும், ஒரு பெருமூச்சாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியில் ரெம்பாவ் டவுன் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் என்னண்ணே? அதான் உங்க மேல தப்பு இல்லன்னு ஆயிருச்சே."

"பூட்டு கெட்டது, சரி" என்றார் மெதுவாக. "நான் சாத்தினேனான்னு கடுதாசியில எழுதலையேம்மா. சாத்தாமலும் இருந்திருக்கலாம்ல? ரெண்டும் இருந்திருக்கலாம்ல?"

மூன்று வருடம் ஒரே கேள்வியைச் சுமந்த மனிதருக்குப் பாதிப் பதில் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. மீதிப் பதில் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தேன். அவரும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் வரிசைக்குள் வேன் திரும்பியதும், "கடைசி வீட்டுல நிறுத்து" என்றார்.

முத்தாயி அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாலு கால் தடி பக்கத்தில் இருந்தது. அம்மா வண்டியைப் பார்த்ததும் கை நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். அண்ணன் கேட் ஓரத்திலேயே நின்றுவிட்டார். கையில் குங்குமம் வைத்த உறை. சொல்ல வேண்டியதை எல்லாம் நான்தான் சொன்னேன்: ரீகால், பூட்டு, பெட்டி, மூன்று கடிதம். அக்கா கேட்டுக்கொண்டே அண்ணனையே பார்த்தார்.

"அக்கா" என்றார் அண்ணன், நான் முடித்த பிறகு. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "அன்னைக்கி... நான் கதவச் சாத்தினேனா?"

முத்தாயி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. வலியில்லை, கோபம்.

"ஏன்டா, என்னைய வந்து கேக்க உனக்கு மூணு வருஷமா? நீ சாத்தினடா. சாத்தினப்ப என் சேலை முந்தானை கதவுல மாட்டிக்கிச்சி. நான் கத்தினேன். நீ மறுபடி திறந்து, முந்தானைய எடுத்து என் மடியில போட்டு, 'ஒழுங்கா உக்காருக்கா'ன்னு வஞ்சிட்டு, மறுபடி சாத்தின. ரெண்டு தரம் சாத்தினடா நீ. அந்தத் தலைவர் பழம் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவர்கிட்டயும் சொன்னேன். மயக்க மருந்துல பேசுறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நீ வருவ, உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். காலையில உன் மோட்டார் சத்தம் கேக்கும். கேக்கும், அப்படியே சுத்தி அந்தப் பக்கம் போயிரும். நான் எந்திரிச்சு ஓடி வந்து சொல்லவா முடியும், இந்தக் காலோட?"

அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார், களைத்த ஆள் எங்கே இடம் கிடைத்தாலும் உட்காருவதுபோல. உறையைக் கீழே வைத்தார். அழுதார். அக்கா அவரைத் தேற்றவில்லை. "நல்லா அழு. நானும் உன் மேல கோவமாத்தான் இருந்தேன், கதவுக்காக இல்ல" என்று சொல்லிவிட்டு, கீரைத் தட்டை அவர் பக்கமாகத் தள்ளினார். அவர் அழுதுகொண்டே கீரை ஆய ஆரம்பித்தார்.

எனக்கு அங்கே வேலையில்லை. வேனை வாங்கிக்கொள்வதாகத் தலைவருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது, இன்னும் பெர்மிட், இன்சூரன்ஸ், பெயிண்ட் என்று ஆயிரம் அலைச்சல் இருந்தது. கிளம்பும்போது பக்கவாட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. இறங்கிப் போய்ச் சாத்தினேன். டப்பென்று விழுந்தது. புதுப் பூட்டு, கம்பெனிக்காரன் மாட்டியது, ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.